மிதியடி தேய்ந்த வரலாறு

மன்னர் முடியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் மிகப் பல. மக்கள் அடியைத் தாங்கிய மிதியடியைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. தேய்ந்தவுடன் எறியப்படும் பொருளுக்கு வரலாறு எதற்கு என்று முன்னோர் எண்ணினார்கள் போலும். ஆயினும் நாம் பிழைப்பை நாடி வந்து வேரூன்றி வாழ்கின்ற இக்கொல்கத்தா மாநகரம் மிதியடியின் வரலாற்றில் தனியிடம் பெற்றதாகும். வெறுங்காலால் ஆடி வென்று புகழ் கொண்டதும் இவ்வூரே. வெறுங்காலர்க்கெல்லாம் எளிய விலையில் காலணி அளிக்க எழுந்த பெருந்தொழிற்சாலை அமைந்ததும் இவ்வூரின் எல்லையிலேயே. ஆதலின் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இப்பொருளைச் சிறிது ஆராயத் துணிந்தோம்.

ஆராயத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும் மைதானத்திலும் பொழுது புலருமுன்னே ஓடுவோர் தொகை பெருகிவிட்டது. 2014ஆம் ஆண்டில் ரெட் ரோட்டில் 25 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் தொடங்கிய பின்னர் இவ்வார்வம் இன்னும் வளர்ந்தது. நம் குடியிருப்புப் பிள்ளைகளும், அவர்களைக் கண்டு பெரியவர்களும் ஓடுகிறார்கள். ஓடுவோர் வீடுகளில் எல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: ஓடுவதற்கென்று வாங்கிய ஷூவை எப்பொழுது மாற்றுவது? 'இன்னும் கிழியவில்லையே' என்பதே பெரும்பாலான பெற்றோர் கூறும் விடை. அவ்விடை எக்காலத்துக்குரியது, இக்காலத்துக்கும் பொருந்துமா என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

தானே புதுப்பித்துக்கொள்ளும் அடி

மிதியடிக்குப் பழந்தமிழர் வைத்த பெயர்களுள் ஒன்று 'தொடுதோல்' என்பது. தொடுக்கப்பட்ட தோல் எனப் பொருள்படும் இச்சொல் பத்துப்பாட்டுள் பெரும்பாணாற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் வருகிறது. ஆடு மாடு மேய்க்கும் கோவலனின் காலில் மிதியடி அழுத்திய வடுவைப் பெரும்பாணாற்றுப்படைப் புலவர் கண்டு கூறுகிறார். கால் மிதியடியைத் தேய்க்கும். மிதியடியும் காலில் தன் குறியை இடும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

எனினும் மிதியடி எல்லார்க்கும் வாய்த்த பொருளாக இருந்ததில்லை. வறுமை ஒரு காரணம்; வழக்கம் மற்றொரு காரணம். ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தோர் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடத்தல் ஆகாது என்னும் கொடுமை நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுநாள் நிலவியதை மறைப்பதற்கில்லை. வெறுங்கால் சிலர்க்குப் பழக்கம். பலர்க்கு அது கட்டாயம்.

ஆயினும் அவ்வெறுங்காலுக்கு ஓர் இயற்கை வரம் உண்டு. உள்ளங்காலின் தோல் தேயத் தேய அடியிலிருந்து புதுத்தோல் வளர்ந்து மேலே வந்துகொண்டே இருக்கும். எங்கு அழுத்தம் மிகுதியோ அங்கே தடித்தும் கொள்ளும். தேய்வும் புதுப்பிப்பும் ஒரே இடத்தில் நிகழ்வதால், 'எப்பொழுது மாற்றுவது' என்னும் கேள்வியே வெறுங்காலனுக்கு எழுவதில்லை.

இவ்வரத்தை உலகறியச் செய்தது கொல்கத்தா மைதானமே. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பாகான் குழுவினர் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றனர். வெள்ளையர் பூட்ஸ் அணிந்து ஆட, நம்மவர் பதினொருவரில் சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். ஏனைப் பதின்மரும் வெறுங்காலர். அந்நாளைய வங்காளிகள் அதனை விளையாட்டு வெற்றியாக மட்டுமா கொண்டாடினார்கள்? நாட்டு விடுதலையின் முன்னோசையாகவே கொண்டாடினார்கள்.

ஆனால் மைதானத்துப் புல்லே அடுத்த பாடத்தையும் கற்பித்தது. ஆனி, ஆடி மாதங்களில் வங்கத்து மழை கொட்டித் தரை சேறாகும்பொழுது வெறுங்கால் வழுக்கிற்று. பூட்ஸின் அடிக்குமிழ்கள் தரையைப் பற்றின. 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் வெற்றி பெற்ற முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவினர் ஈரத்தரையில் பூட்ஸ் அணியப் பழகிக்கொண்டதும் அவ்வெற்றிக்கு ஒரு காரணமாயிற்று.

விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் கால்பந்துக் குழுவினருள் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்து ஆடினர். ஒன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் தோற்ற அவ்வாட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன் என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். நான்காண்டு கழித்து 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்ற பின்னர்தான் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பூட்ஸ் அணிந்த இந்தியா நான்காம் இடத்தை எய்தியது.

ஓட்டத்திலும் இதுவே கதை. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் மாரத்தானை வெறுங்காலால் ஓடி வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து மீண்டும் வென்றார். நம் நாட்டுப் படைவீரர் சிவநாத் சிங் வெறுங்காலோட்டத்துக்குப் பெயர் பெற்றவர். அவர் 1976இல் மாண்ட்ரீல் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்றார். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் நாட்டிய தேசிய அளவு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. வெறுங்கால் இழிவன்று என்பதற்கு இவர்களே சான்று. ஆயினும் தார்ச்சாலையும் கண்ணாடிச் சில்லும் நிறைந்த நகரத்தில், சிறுவயது முதல் செருப்பணிந்து வளர்ந்த காலை உடைய நாம், அவர்கள் வழியை ஒரே நாளில் கைக்கொள்ளுதல் இயலாது. ஆகவே காலணிக்கே வருவோம்.

கண்ணால் கண்ட தேய்வு

கொல்கத்தாவில் முற்காலத்தில் நல்ல தோல் ஷூ வேண்டுவோர் சென்ற இடம் பென்டிங்க் தெரு. அங்கே சீன நாட்டு ஹக்கா மரபினர் வரிசையாகக் கடை வைத்திருந்தனர். காலை அளந்து, மர அச்சில் தோலைப் பூட்டி, கையால் தைத்துக் கொடுத்தனர். அவர்தம் உறவினர் தாங்ராவில் தோல் பதனிட்டனர். 1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பின் அச்சமூகத்தினர் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். 1996இல் உச்ச நீதிமன்றம் நகரின் தோல் பதனிடும் ஆலைகளை அகற்ற ஆணையிட்டபின் அத்தொழில் நகருக்கு வெளியே பன்தலாவுக்குச் சென்றது.

தோல் ஷூவின் சிறப்பு யாதெனில், அது பகுதி பகுதியாகத் தேயும். பகுதி பகுதியாகப் புதுப்பிக்கவும்படும். அடித்தோல் தேய்ந்தால் வேறு அடித்தோல். குதிகால் சாய்ந்தால் வேறு குதிகால். தையல் விட்டால் மறுதையல். தேய்வைத் தள்ளிப்போட இரும்பு லாடம் அடித்துக்கொள்வோரும் உண்டு. தெருமுனையில் அமர்ந்திருக்கும், வங்காளிகள் 'முச்சி' என்று அழைக்கும் தொழிலாளி ஷூவைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஆயுளைக் கூறிவிடுவார். மோட்டார் வண்டியின் தேய்ந்த டயரை அறுத்துச் செருப்புக்கு அடியாக்கிய திறமையும் அத்தொழிலாளர்க்கே உரியது. நெடுந்தொலைவு ஓடித் தேய்ந்த ஒன்று, நடப்பவன் காலடியில் மறுபிறவி எடுத்தது.

இந்நிலையில்தான் பாட்டா வந்தது. இன்று செக் நாடாக உள்ள பகுதியில், ஸ்லின் என்னும் ஊரில், 1894ஆம் ஆண்டு தாமஸ் பாட்டா உடன்பிறந்தோருடன் தொடங்கிய தொழில் அது. கையால் ஒவ்வொன்றாகத் தைப்பதை விடுத்து, இயந்திரத்தால் ஆயிரக்கணக்கில் செய்து விலையைக் குறைப்பதே அவர் கொள்கை. 1931இல் இந்தியாவில் கம்பெனி பதிவாயிற்று. 1932இல் ஹூக்ளிக் கரையிலுள்ள கொன்னகரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதே 1932 ஜூலையில் தாமஸ் பாட்டா விமான விபத்தில் உயிர் நீத்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. 1934இல் நகருக்குத் தெற்கே ஆற்றங்கரையில் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பும் பள்ளியும் விளையாட்டுத் திடலும் கூடிய ஊர் ஒன்று உருவாயிற்று. அதுவே பாட்டாநகர். சியால்டாவிலிருந்து பட்ஜ்பட்ஜ் செல்லும் வண்டியில் ஏறி நங்கி ஸ்டேஷனில் இறங்கினால் அவ்வூரை அடையலாம்.

தோலுக்குப் பதில் கான்வாஸ் துணியும், அடித்தோலுக்குப் பதில் ரப்பரும் சேர்ந்த ஷூ எளிய குடும்பங்களுக்கும் எட்டியது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பின் பயனாகவே பள்ளிப் பிள்ளைகளின் கால்களில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஏறியது. சனிக்கிழமை மாலையில் அதைக் கழுவி, வெள்ளைப் பூச்சுப் பூசி, சன்னலோரம் காயவைக்காத வீடு நம் ரெயில்வே குடியிருப்புகளில் இருந்திருக்குமா?

அக்கான்வாஸ் ஷூவும் தேய்வை ஒளிக்காத பொருளே. மெல்லிய ரப்பர் அடி தேய்ந்து துணி தெரியும். கட்டைவிரல் இருக்குமிடத்தில் துணி நைந்து விரல் எட்டிப் பார்க்கும். பிள்ளையைத் தந்தை அழைத்துச் சென்று புது ஷூ வாங்குவார். இந்த அளவுகோலுடன் வங்கத்தில் மற்றோர் அளவுகோலும் சேர்ந்தது. துர்க்கா பூஜைக்குப் புதுச் ஜோடு வேண்டும் என்று பாட்டா செய்த விளம்பரம் வங்காளிகளின் நாவில் பழமொழி போல் நிலைத்துவிட்டது. நமக்குத் தீபாவளி, பள்ளி திறக்கும் நாள், அவர்களுக்குப் பூஜை. ஆக, ஓட்டை விழுந்தால் மாற்றுவது, பண்டிகை வந்தால் மாற்றுவது என்னும் இரண்டு முறைகள் நம் இல்லங்களில் வேரூன்றின. ஊருக்கு மணியார்டர் அனுப்பி, மிஞ்சிய தொகையில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு இம்முறைகள் மிகவும் பொருத்தமாகவே இருந்தன. அவற்றைக் குறை கூறுவது நம் கருத்தன்று.

கண்ணுக்குப் புலப்படாத தேய்வு

மாறியது யாதெனில், ஷூவின் உள்ளமைப்பே. 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஓட்டக் காலணிகளின் அடிப்பகுதியில் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நுரைப்பொருள் புகுத்தப்பட்டது. சுருக்கமாக இ.வி.ஏ. என்பர். நம் நாட்டில் 1990களின் நடுவில் வெளிநாட்டுக் கம்பெனிகள் கடை திறந்தபின் இவ்வகை ஷூக்கள் பரவலாயின.

இதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். தரையைத் தொடுவது ரப்பராலான அடித்தட்டு; காலைத் தழுவுவது மேல்துணி. இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் நுரையடுக்கு உளது. அந்நுரைக்குள் நுண்ணிய அறைகள் எண்ணிலடங்கா. ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருக்கும். கால் ஊன்றும்போது அவ்வறைகள் அமுங்கும். கால் எடுக்கும்போது விரியும். ஓடும்போது தரை நம் காலைத் தாக்கும் விசையை அந்நுரை மென்மையாக்குகிறது. பல்லாயிரம் முறை அமுங்கியபின் அறைச்சுவர்கள் மடிந்தும் உடைந்தும் போகும். நுரை தட்டையாகி இறுகும். இத்தனையும் நிகழ்ந்த பின்னரும் வெளியில் ரப்பர் அடியோ மேல்துணியோ கிழிந்திராது. கடையில் வாங்கிய அன்றுபோல் பளபளத்துக்கொண்டும் இருக்கலாம்.

நம் குமாஸ்தாத் தொழிலின் பழக்கத்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் விழும் என்பர். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு இரண்டரை மடங்கு எனக் கொண்டால் 150 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு இரு கால்களுமாகச் சுமார் 1,000 அடிகள். ஒரு காலுக்கு 500. ஆகவே ஒரு கிலோமீட்டரில் ஒரு ஷூ தாங்கும் சுமையைக் கூட்டினால் 75 டன் வருகிறது. 600 கிலோமீட்டரில் 45,000 டன்! 58 வேகன்கள் கொண்ட நிலக்கரி வண்டி ஒன்று ஏறக்குறைய 3,800 டன் சரக்கு ஏற்றும். அத்தகைய வண்டிகள் பன்னிரண்டில் ஏற்றக்கூடிய பாரத்தை, உள்ளங்கை அகலமுள்ள நுரைத்துண்டு சிறிது சிறிதாகத் தாங்கி முடிக்கிறது. அது களைத்துப்போவதில் வியப்பு உண்டோ?

ரெயில்வேயில் காலங்கழிக்கும் நமக்கு இச்செய்தி புதிதன்று. பெரம்பூரில் செய்யப்பட்ட ஐ.சி.எஃப். பெட்டியின் சக்கரம் புதிதாக 915 மில்லிமீட்டர் விட்டம் உடையது. தேய்ந்து 813 மில்லிமீட்டரை எட்டினால் ஓட்டத்திலிருந்து விலக்கப்படும். சக்கரம் உடையும் வரையில் யாரும் காத்திருப்பதில்லை. தண்டவாளத்தின் கதை இன்னும் பொருத்தமானது. வண்டி ஓட ஓட அதன் முகம் வெள்ளிபோல் மின்னும். உள்ளேயோ நுண்பிளவு வளர்ந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் மீயொலிக் கருவியைக் கொண்டு அதன் உட்புறத்தைச் சோதிக்கிறார்கள். அதன்மேல் சென்ற மொத்தப் பாரத்தைக் கணக்கிட்டு மாற்றுங்காலத்தை முடிவு செய்கிறார்கள். ஆயிரம் பேர் உயிரைச் சுமக்கும் தண்டவாளத்துக்கு நாம் கடைப்பிடிக்கும் அவ்விதியை, நம் பிள்ளையின் முழங்காலைச் சுமக்கும் ஷூவுக்குக் கடைப்பிடிக்கலாகாதா?

விஞ்ஞானிகள் இதனை அளந்தும் பார்த்துள்ளனர். 1985ஆம் ஆண்டு குக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் பலவகை ஓட்டக் காலணிகளை இயந்திரத்தில் பூட்டி ஓட்டத்தைப் போலவே தாக்கிச் சோதித்தனர். 80 கிலோமீட்டருக்குச் சமமான உழைப்பிலேயே தாக்குதலைத் தாங்கும் ஆற்றல் முதலிலிருந்ததில் 75 விழுக்காடாகக் குறைந்தது. 160 முதல் 240 கிலோமீட்டரில் 67 விழுக்காடு. 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் 60 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது. மனிதர் அணிந்து ஓடிய ஷூக்களில் இழப்பு இவ்வளவு கடுமையாக இல்லை. 800 கிலோமீட்டரில் ஏறக்குறைய 70 விழுக்காடு எஞ்சியது. ஷூவின் விலையாலோ கம்பெனியின் பெயராலோ இத்தேய்வில் வேறுபாடு காணப்படவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிவு. விலையுயர்ந்த ஷூ நெடுநாள் உழைக்கும் என்று நம்புவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

2009இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி வேறொரு நுட்பத்தை வெளிப்படுத்தியது. 320 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த ஷூவை அணிந்தபோதும் ஓடுவோர்மீது விழுந்த விசை பெரிதும் மாறவில்லை. ஏனெனில் அவர்கள் அறியாமலேயே ஓடும் முறையை மாற்றிக்கொண்டனர். கால் தரையில் நிற்கும் நேரம் சிறிது நீண்டது. நுரை விட்ட வேலையை உடல் எடுத்துக்கொண்டது என்று கூறலாம். வேலைக்கு வராதவர் மேசைக் கோப்புகளைப் பக்கத்து மேசைக்காரர் ஓசையின்றிப் பார்ப்பது போன்றது இது. அலுவலகம் நடக்கும், பார்ப்பவர் சோர்ந்துபோவார். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று ஓடுபவர் கூறுவதும் இக்காரணத்தாலேயே.

ஜல்பாய்குரி மங்கை கற்பித்தது

வங்கத்தின் வடபகுதியாகிய ஜல்பாய்குரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஸ்வப்னா பர்மன். கொல்கத்தாவில் பயிற்சி பெற்ற அவர், 2018 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டாத்லான் பிரிவில் 6,026 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். இந்தியப் பெண் ஒருவர் அப்பிரிவில் ஆசியத் தங்கம் பெற்றது அதுவே முதன்முறை. அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். ஐந்து விரல்களுக்கென்று செய்த ஷூவுக்குள் அகன்ற பாதத்தைத் திணித்து, வலியைப் பொறுத்தே அவர் ஓடியும் தாண்டியும் வந்தார். வெற்றிக்குப் பின் அவர் விடுத்த வேண்டுகோளின் பயனாக அடிடாஸ் நிறுவனம் அவர் பாதத்தை அளந்து 2019இல் தனி ஷூ செய்து கொடுத்தது.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று நம் பாட்டிமார் கேட்பர். ஆனால் நம் வீடுகளிலேயே அது நிகழ்வதுண்டு. அண்ணன் ஓடித் தேய்த்த ஷூ தம்பிக்கு வந்து சேருகிறது. சட்டையும் பாடநூலும் அவ்வாறு வருவதில் தீங்கில்லை. ஓட்டக் காலணியோ அண்ணனின் எடைக்கும் அவன் கால் ஊன்றும் முறைக்கும் ஏற்பப் பள்ளம் விழுந்து இறுகிப்போனது. அப்பள்ளத்துக்குள் தம்பியின் கால் தன் நடையை வளைத்துக்கொள்ள நேரிடும். ரெயில்வே, காவல்துறை முதலியவற்றில் விளையாட்டு வீரர்க்கு உரிய இடங்களைக் கருதிப் பயிற்சி செய்யும் பிள்ளைகளின் எதிர்காலம், ஆரோக்கியமான காலில்தான் நிற்கிறது. முன்காலெலும்பில் வலி கண்டு பருவத்தை இழப்பவன் தேர்வு நாளையும் இழப்பான்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

இனி, அறிந்ததை நடைமுறைக்குக் கொணரும் வழியைக் கூறி முடிப்போம்.

முதலாவது, தூரக் கணக்கு. ஓட்டக் காலணிக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஆயுள் எனப் பொதுவாகக் கொள்வர். நாளொன்றுக்கு 5 கிலோமீட்டராக வாரத்தில் ஆறு நாள் ஓடும் பிள்ளைக்கு வாரம் 30 கிலோமீட்டர் ஆகும். 17 வாரத்தில் 500ஐயும், 27 வாரத்தில் 800ஐயும் தாண்டிவிடுவான். வாரம் 15 கிலோமீட்டர் ஓடும் தந்தையாருக்கு இருமடங்கு காலம் செல்லும். உடல் பருத்தவர், கரடுமுரடான சாலையில் ஓடுபவர் முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கும். வாங்கிய தேதியை ஷூவின் நாக்கின் உட்புறம் மையால் எழுதிவைத்து, பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே வாரந்தோறும் தூரத்தையும் எழுதிவந்தால் போதும்.

இரண்டாவது, கண்ணும் கையும் செய்யும் சோதனை. ஷூவைச் சமமான மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்; ஒரு பக்கம் சாய்ந்தால் நுரை ஒருபுறம் அமுங்கிவிட்டது என்க. பக்கவாட்டு நுரையில் நிலையான மடிப்புக் கோடுகள் உளவா என்று நோக்குக. ரப்பர் தேய்ந்து நுரை வெளிப்பட்டால் ஐயமே வேண்டா. கடையில் அதே வகைப் புது ஷூவை ஒரு காலிலும் பழையதை மறுகாலிலும் அணிந்து பத்தடி நடந்தால் வேற்றுமை தானே விளங்கும்.

மூன்றாவது, உடலின் சொல். ஓடும் தூரமும் வேகமும் மாறாதிருக்க, முன்காலெலும்பிலோ முழங்காலிலோ உள்ளங்காலிலோ புதிதாக வலி தோன்றினால், காரணங்களுள் ஒன்றாக ஷூவையும் ஐயுறுக. வலி நீடித்தால் வைத்தியரைக் காண்க. தேய்ந்த ஷூவே எல்லா வலிக்கும் காரணம் என்று கூறிவிட முடியாது. தூரத்தைத் திடீரெனக் கூட்டுவதும் பெரியதொரு காரணமாகும்.

நான்காவது, இவ்வூரின் ஈரம். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நனைந்த ஷூவை அடுப்பருகே வைத்து உலர்த்தலாகாது. செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்துக. பண்டிகைக்கென்று வாங்கிப் பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பதும் தவறு. பாலியூரித்தேன் என்னும் பொருளாலான அடிப்பகுதி, காற்றிலுள்ள ஈரத்தால் தானே சிதைந்து ஒருநாள் காலடியில் பொடிப்பொடியாக உதிரும். அணியாமல் காப்பதாலேயே அழியும் பொருளும் உண்டு என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

ஐந்தாவது, கடைக்காரர் சொல்லை அளந்து கேட்டல். விற்பவர்க்கு விரைவில் மாற்றச் சொல்வதில் ஊதியம் உண்டு. கணக்கும் சோதனையும் உடலும் நன்று என்று கூறும் ஷூவை விளம்பரத்துக்கு அஞ்சி எறிய வேண்டுவதில்லை. ஓட்டத்திலிருந்து விலக்கிய ஷூவும் வீணன்று. லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகவும், மாடியில் செடிக்கு நீர் ஊற்றவும் இன்னும் ஓராண்டு உழைக்கும்.

உள்ளங்காலின் தோல் தானே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. தோல் ஷூவின் தேய்வைத் தெருமுனைத் தொழிலாளி நமக்குச் சொன்னார். கான்வாஸ் ஷூ தன் ஓட்டையாலேயே அறிவித்தது. இன்றைய நுரை ஷூவோ வாய் திறவாமல் தேய்கிறது. அதற்காகக் கணக்கு வைப்பது நம் பொறுப்பாயிற்று. எண்ணி எண்ணிச் செலவழித்துப் பிள்ளைகளை ஆளாக்கிய நம் தாய்மார்க்குக் கணக்கு வைப்பது அரிய செயலன்று. மளிகைக் கணக்கோடு இக்கணக்கும் ஒரு வரி சேரட்டும். ஓடும் நம் பிள்ளைகளின் கால்கள் நெடுங்காலம் நலமுடன் ஓடுக!